தமிழ்நாட்டில் புதைபடிவச் சேகரிப்பின் வரலாறு

புதைபடிவம் என்பது முற்காலத்தில் வாழ்ந்து மடிந்த உயிரினத்தின் ஓடு, எலும்பு, பல், மரத்தண்டு, காலடித் தடம் போன்றவை படிவுப் பாறைக்குள் கல்லாக மாறியோ அச்சாகப் பதிந்தோ நிலைத்திருப்பது. தொல்லுயிர் எச்சம், கல்லுரு என்றும் இதைச் சொல்வர். தமிழ்நாட்டில் பழங்காலக் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் மிகுதியாகக் கிடைக்கும் இடம் இன்றைய அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் சந்திக்கும் நிலப்பகுதி. விருத்தாசலத்தை ஒட்டியும் புதுச்சேரிக்கு மேற்கிலும் இதே காலத்துப் படிவுகள் திட்டுத் திட்டாக வெளித்தெரிகின்றன. ஏறத்தாழ 180 ஆண்டுகளாக இங்கே கல் பொறுக்கியவர்களின் கதையே இந்திய தொல்லுயிரியலின் முதல் அத்தியாயங்களில் ஒன்று.

பேச்சிப்பாறையில் ஏன் கிடைப்பதில்லை

எல்லாப் பழைய பாறையிலும் புதைபடிவம் இருக்கும் என்று பலரும் நினைப்பதுண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை இந்த எண்ணத்துக்கு நல்ல மறுப்பு. திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், பொறியாளர் மிஞ்சின் பொறுப்பில் கட்டப்பட்டு 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை, கோதையாற்றை மறித்து நிற்கிறது. அணையைச் சுற்றியுள்ள மலைகள் சார்னோக்கைட், கோண்டலைட், செம்மணிக்கல் பொதிந்த நைஸ் ஆகிய பாறைகளால் ஆனவை. இவை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. கடைசியாக அப்படி உருமாறியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்த வெப்பத்தில் எந்த ஓடும் எலும்பும் தன் உருவத்தோடு தப்பாது. அது மட்டுமல்ல, அக்காலத்தில் தரையில் விலங்குகளே இல்லை. கடலிலும் ஓடுள்ள உயிர்கள் தோன்றத் தொடங்கிய தறுவாய் அது.

இந்த மலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் கரைந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போன மிச்சமே மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணல். செம்மணிக்கல்லும் இல்மனைட்டும் மோனசைட்டும் அதில் உண்டு. சிப்பி எச்சம் தேடினால் கிடைக்காது. பேச்சிப்பாறையிலிருந்து பழைய கடல் உயிர்களைத் தேடிப் புறப்படுபவர் மேற்கே கொல்லம் வரை போக வேண்டும். அஷ்டமுடிக் காயலை ஒட்டிய படப்பக்கரையில் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. திருவிதாங்கூர் ரெசிடென்டாக இருந்த ஜெனரல் வில்லியம் கல்லன் கொல்லத்துச் சுண்ணாம்புக்கல்லைக் கவனித்து மாதிரிகள் அனுப்ப, பம்பாயில் இருந்த மருத்துவர் எச். ஜே. கார்ட்டர் அதில் இருந்த நுண்ணுயிர் ஓடுகளை 1850-களில் விவரித்தார். தென் திருவிதாங்கூரின் நிலவியலை ராபர்ட் புரூஸ் ஃபூட் 1883-இல் எழுதினார். பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ஃபூட்தான்.

திருவட்டாற்றின் சாளக்கிராமங்கள்

ஆனாலும் பேச்சிப்பாறைக்குக் கீழே, அதே கோதையாறு இறங்கிவரும் வழியில், ஒரு பெரும் புதைபடிவத் தொகுப்பு நூற்றாண்டுகளாக வழிபாட்டில் இருக்கிறது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் பள்ளிகொண்ட திருமேனி 16,008 சாளக்கிராமங்களைக் கொண்டு கடுசர்க்கரைக் கூட்டால் அமைக்கப்பட்டது என்பது கோயில் மரபு. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு 12,008 என்பார்கள்.

சாளக்கிராமம் நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருங்கூழாங்கல். அவற்றுள் பலவற்றின் உள்ளே இருக்கும் சக்கர வடிவம் அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு அல்லது அதன் அச்சு. கணவாய், நாட்டிலஸ் ஆகியவற்றின் உறவான அம்மோனைட், சுருண்ட ஓட்டுக்குள் அறை அறையாகக் கட்டி, கடைசி அறையில் வாழ்ந்தது. இமயமலை எழுவதற்கு முன் அங்கிருந்த கடலில், ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மோனைட்டுகளே சாளக்கிராமங்களாகக் கிடைக்கின்றன. வஜ்ரகீடம் என்னும் புழு கல்லைக் குடைந்து சக்கரம் வரைகிறது என்று புராணம் சொல்லும். கல்லுக்குள் தெரியும் வடிவத்துக்கு ஓர் உயிரே காரணம் என்று அந்தக் கதையைச் சொன்னவர்கள் கண்டுகொண்டார்கள் என்பதைச் சிறு விஷயமாகத் தள்ளிவிட முடியாது. ஐரோப்பாவில் அம்மோனைட்டைப் பாம்புக்கல் என்றும், புனிதர் ஒருவரின் சாபத்தால் கல்லான பாம்பு என்றும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வியப்பு என்னவென்றால், அம்மோனைட்டுகளை இமயத்திலிருந்து தெற்கே சுமந்து வந்த காலத்தில், வழியில் அரியலூர்ச் சீமையில் அவை வயற்காட்டிலேயே கிடந்தன. கருமையும் வழவழப்பும் இல்லாத, பழுப்பேறிய கற்கள் என்பதால் அவை வழிபாட்டுக்கு வரவில்லை போலும்.

முதல் சேகரிப்பாளர்கள்

அரியலூர்ப் பகுதிப் புதைபடிவங்களை அறிவுலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர்கள் நிலவியலாளர்கள் அல்லர். சென்னை மாகாண அரசு அலுவலர்கள். சி. டி. கேய், புரூக் கன்லிஃப் ஆகிய இருவரும் 1840-களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய மூன்று பகுதிகளிலும் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் சுறாப் பற்களையும் திரட்டி லண்டனுக்கு அனுப்பினர். அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் முதுகெலும்பற்ற உயிர்களையும், சர் ஃபிலிப் எகர்டன் மீன் எச்சங்களையும் ஆராய்ந்தனர். கேயின் கட்டுரையும் ஃபோர்ப்ஸின் விரிவான அறிக்கையும் லண்டன் நிலவியல் கழகத்தின் வெளியீட்டில் 1846-இல் அச்சாயின. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்ததால் சில மாதிரிகள் பாரிசுக்கும் போய், அல்சீத் தொர்பிஞி என்ற பெரும் தொல்லுயிரியலாளரின் கைக்குக் கிடைத்தன.

இந்தச் சேகரிப்பினால் முடிவான செய்தி ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் இருந்தது என்பதே அது. பழந்தமிழில் சுண்ணக்காலம் என்று மொழிபெயர்க்கலாம், சுமார் 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நீடித்த காலம். அதுவரை தக்காணம் முழுவதும் கடலே காணாத பழைய மேட்டுநிலம் என்று கருதப்பட்டு வந்தது.

பிளான்ஃபோர்டின் அளவை

அலுவலர்கள் ஓய்வு நேரத்தில் பொறுக்கியதை முறையான அறிவியலாக்கியவர் ஹென்றி ஃபிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. அண்ணன் வில்லியமும் இவரும் 1855-இல் இந்திய நிலவியல் அளவைத் துறைக்கு வந்தவர்கள். 1857 முதல் சில ஆண்டுகள் ஹென்றி திருச்சிராப்பள்ளிச் சீமையில் கிராமம் கிராமமாக நடந்து பாறை அடுக்குகளை வரைந்தார். தொடங்கும்போது அவருக்கு வயது 23. தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கிரெட்டேசியஸ் பாறைகள் பற்றிய அவரது நூல் 1862-இல் வெளிவந்தது.

அடுக்குகளை அவர் மூன்றாகப் பிரித்தார்: அடியில் ஊட்டத்தூர்த் தொகுதி, நடுவில் திருச்சிராப்பள்ளித் தொகுதி, மேலே அரியலூர்த் தொகுதி. இந்தப் பெயர்கள் இன்றும் உலகத்துப் பாடநூல்களில் இருக்கின்றன. ஊட்டத்தூர் என்ற சிற்றூரின் பெயரை, அவ்வூர்ச் சிவன் கோயிலைப் பற்றிக் கேள்விப்படாத ஜப்பானியரும் செருமானியரும் உச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிளான்ஃபோர்டு கண்டது இது. மேற்கே பழைய நைஸ் பாறை கரையாக நிற்கிறது. அதன் மேல் கடல் ஏறி வந்திருக்கிறது. கரையோரத்தில் பவளத் திட்டுகள். சற்று ஆழத்தில் களிமண். பிறகு கடல் பின்வாங்கி மணல். மீண்டும் ஏறிச் சுண்ணாம்பு. கிழக்கே செல்லச் செல்ல அடுக்குகள் இளமையாகின்றன. லால்குடிக்கு வடக்கேயிருந்து அரியலூர் வழியாக செந்துறைப் பக்கம் நடக்கிறவர், காலடியில் நான்கு கோடி ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறார்.

உடல்நலம் குன்றியதால் பிளான்ஃபோர்டு 1862-இல் அளவைத் துறையை விட்டுக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். பிறகு வானிலையில் இறங்கி, 1875-இல் அமைந்த இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயத்தில் பனி மிகுந்தால் அடுத்த பருவமழை குறையும் என்று கணித்து எழுதியவரும் அவரே. வானிலை வரலாற்றில் அவரைத் தெரிந்தவர்களுக்கு ஊட்டத்தூர் தெரியாது. ஊட்டத்தூரில் அவரைத் தெரிந்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஸ்டோலிச்காவின் பத்தாண்டு

பிளான்ஃபோர்டு திரட்டிய ஆயிரக்கணக்கான மாதிரிகள் கல்கத்தாவில் பெட்டிகளில் கிடந்தன. ஒவ்வொன்றையும் துலக்கி, அளந்து, படம் வரைந்து, பெயரிட ஒருவர் வேண்டும். பெலம்னைட், நாட்டிலஸ் வகைகளைப் பிளான்ஃபோர்டே 1861-இல் எழுதினார். மற்ற அனைத்தும் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்பவர் தலையில் விழுந்தது.

ஸ்டோலிச்கா இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் 1838-இல் பிறந்தவர், வியன்னாவில் படித்தவர். 1862-இல் இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்தார். இமயத்திலும் பர்மாவிலும் அலைந்த நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் திருச்சிராப்பள்ளிச் சிப்பிகளோடு கழித்தார். அம்மோனைட்டுகள் ஒரு பகுதி, நத்தை இனங்கள் ஒரு பகுதி, இருவோட்டுச் சிப்பிகள் ஒரு பகுதி, பவளம், கடல் முள்ளெலி முதலிய பிற உயிர்கள் ஒரு பகுதி என நான்கு பெருந்தொகுதிகளாகத் ‘தென்னிந்திய கிரெட்டேசியஸ் உயிரினங்கள்’ 1873-இல் முடிந்தது. நூற்றுக்கணக்கான கற்பலகை அச்சுப் படங்கள் அதில் உள்ளன. இன்றும் அரியலூரில் ஒரு சிப்பியை எடுத்து இது எது என்று கேட்பவர் முதலில் திறக்க வேண்டிய நூல் அதுதான்.

நூல் முடிந்த மறு ஆண்டே, யார்க்கந்து சென்ற அரசுத் தூதுக்குழுவுடன் திரும்பிவரும் வழியில், காரகோரம் கணவாயைத் தாண்டி லடாக்கின் முர்கோ என்ற இடத்தில் 1874 ஜூன் 19 அன்று ஸ்டோலிச்கா இறந்தார். உயரமான இடத்தின் காற்றுக் குறைவு தந்த நோய். வயது 36. கல்லறை லே நகரில் இருக்கிறது. அவர் பெயரிட்ட மாதிரிகள் கொல்கத்தாவில், கேயும் கன்லிஃபும் அனுப்பியவை லண்டனில். தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் தம் மாவட்டத்து அம்மோனைட்டின் மூல மாதிரியைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த இரண்டில் ஒரு நகரத்துக்குத் தொடர்வண்டியோ விமானமோ ஏற வேண்டும்.

அம்மோனைட் மறைந்த எல்லை

1890-களில் சென்னை அருங்காட்சியகத்துடன் தொடர்புடைய எச். வார்த், ஊட்டத்தூர்க் களிமண்ணில் உள்ள பாஸ்பேட் உருண்டைகளை உரத்துக்குப் பயன்படுமா என்று ஆராயப் போனார். உரத்தைவிடப் புதைபடிவம் அதிகமாகக் கிடைத்தது. வார்த்தின் சேகரிப்பை வியன்னாவில் ஃபிரான்ஸ் கோஸ்மட் ஆராய்ந்து 1895-க்கும் 1898-க்கும் இடையில் வெளியிட்டார். பிளான்ஃபோர்டின் மூன்று தொகுதிகளுக்கு மேலே நின்னியூர் என நான்காவதைச் சேர்த்தது கோஸ்மட்டின் பங்கு.

நின்னியூர்ப் படிவுகளில் அம்மோனைட் கிடையாது, நாட்டிலஸ் உண்டு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசார்களோடு அம்மோனைட்டுகளும் அழிந்தன. நாட்டிலஸ் தப்பி இன்றுவரை வாழ்கிறது. உலகத்தையே புரட்டிய அந்தப் பேரழிவின் இரு புறமும் ஒரே மாவட்டத்துக்குள் நடந்து பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பது அரியலூரின் தனிச்சிறப்பு. பின்னாளில் மைசூரைச் சேர்ந்த எல். ராமராவ் முதலியோர் நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் பாசிகளையும் நுண்ணுயிர்களையும் ஆராய்ந்து இந்த எல்லையைத் தெளிவாக்கினர்.

அரியலூர்ச் சிப்பிகள் ஆப்பிரிக்காவின் நட்டால் கரையிலும் மடகாஸ்கரிலும் கிடைப்பவற்றை ஒத்திருந்தது ஆய்வாளர்களைக் குழப்பியது. ஆழ்கடலைத் தாண்டமுடியாத கரையோர உயிர்கள் இரு பக்கமும் எப்படி? இடையில் நிலம் இருந்திருக்க வேண்டும் என்றார் பிளான்ஃபோர்டு. 1875-இல் எழுதிய கட்டுரையில் இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஓர் இந்தியப் பெருங்கடல் கண்டத்தை முன்வைத்தார். லெமூர்க் குரங்குகளை வைத்து ஃபிலிப் ஸ்க்ளேட்டர் 1864-இல் ‘லெமூரியா’ என்று பெயரிட்டதும் இத்தகைய நிலத்துக்கே. அந்தக் கருத்து தமிழறிஞர் கைக்கு வந்து குமரிக்கண்டத்தோடு கலந்தது தனிக்கதை. கண்டங்களே நகர்கின்றன என்பது இருபதாம் நூற்றாண்டில் உறுதியான பின், மூழ்கிய நிலத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து பிரிந்தவை. குமரிமுனைக்குத் தெற்கே கண்டம் மூழ்கியதற்கு அரியலூர்ச் சிப்பிகள் சாட்சி சொல்வதாக இன்னமும் மேடைகளில் கேட்க நேர்கிறது. அவை சொல்லும் சாட்சி வேறு.

கல்மரங்கள்

தாவரப் புதைபடிவங்களில் இரண்டு இடங்கள் பெயர்பெற்றவை. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கடலூர் மணற்பாறைக்குள் கிடக்கும் கல்மரங்களைப் பிரெஞ்சு இயற்கையாளர் பியேர் சொன்னெரா 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே குறித்திருக்கிறார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரே தண்டாகக் கிடக்கும் மரத்தை 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். தஞ்சை மண்ணில் பிறந்த அவர் பின்னர் இந்திய நிலவியல் அளவைத் துறையின் முதல் இந்திய இயக்குநரானார். திருவக்கரை மரங்கள் ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை. சாத்தனூர் மரம் அதைவிட மிகப் பழையது. கரையிலிருந்து மிதந்து கடலுக்குப் போய், சேற்றில் அமிழ்ந்து, மரநாரின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது. தாங்கி நிற்கும் கடற்படிவுகளே அதற்குச் சான்று.

கடல் சிமெண்டானது

கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல் மெருகேற்றினால் பளிங்குபோல் மின்னும். ஆங்கிலேயர் காலத்தில் ‘திருச்சிராப்பள்ளிப் பளிங்கு’ என்ற பெயரில் மேசைப் பலகைகளுக்கும் அலங்காரப் பொருள்களுக்கும் அது பயன்பட்டது. சிப்பிகளின் குறுக்குவெட்டே அதன் அழகு.

ஆனால் பெரும் பயன்பாடு சிமெண்டுதான். கல்லக்குடியில் 1939-இல் ஆலை தொடங்கியது. ஊர்ப்பெயர் டால்மியாபுரம் ஆனதை எதிர்த்து 1953-இல் மு. கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்த போராட்டம் தமிழக அரசியலில் யாவரும் அறிந்தது. அந்தத் தண்டவாளத்துக்கு அருகிலேயே, ஆலைக்குச் சுண்ணாம்பு தரும் குழிகளில், தென்னிந்தியாவின் மிகப் பழைய பவளத்திட்டு இருக்கிறது. அரியலூரைச் சுற்றி இன்று பல ஆலைகள் இயங்குகின்றன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கிரைஃபியா, இனோசெராமஸ் முதலிய தடித்த ஓட்டுச் சிப்பிகளால் ஆனது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவர்கள் ஏழு கோடி ஆண்டுப் பழைய சிப்பிப் படுகைகளை அரைத்துக் கட்டியவை.

சுரங்கம் இருவகையில் வேலை செய்கிறது. மண்ணுக்கடியில் எவரும் பார்த்திராத அடுக்குகளைத் திறந்து காட்டுகிறது. திறந்ததை உடனே நொறுக்கியும் விடுகிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் கிடைத்த நல்ல மாதிரிகளில் கணிசமானவை குழிகளின் வெட்டுமுகத்திலிருந்து வந்தவை என்பதால், சுரங்கத்தை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. நொறுக்கும் இயந்திரத்துக்குப் போகும் முன் பார்க்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி.

கல்லமேட்டின் பேருடலி

டைனோசார் எலும்புகள் அரியலூர்ப் படிவுகளில் கிடைப்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். மெகலோசாரஸ் வகையைச் சேர்ந்தது என்று கருதப்பட்ட பல் ஒன்று அப்போதே பதிவானது. ஜபல்பூர் டைனோசார்களை ஆராய்ந்த சி. ஏ. மாட்லி, திருச்சிராப்பள்ளி மாவட்டத்து டைனோசார்களைப் பற்றி 1929-இல் எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, இந்திய நிலவியல் அளவைத் துறையின் பி. யாதகிரி, கே. அய்யாசாமி ஆகிய இருவரும் இரண்டு புதிய பெயர்களைக் கொடுத்தனர்.

முதலாவது 1979-இல் அறிவித்த ‘திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி’. முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசார் வகை என்றனர். அவ்வகை உலகின் பிற பகுதிகளில் அதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டதால் இது பெரும் செய்தியாயிற்று. 1996-இல் சங்கர் சட்டர்ஜி உள்ளிட்டோர் அந்த எலும்புகளை ஆராய்ந்து, அவை பிளீசியோசார் என்ற கடல் ஊர்வனவின் எலும்புகள் என்று வாதிட்டனர். கடற்படிவில் கடல்விலங்கு கிடைப்பது இயல்பு என்பதால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. எனினும் பெயரின் கவர்ச்சியால் பள்ளிப் போட்டித் தேர்வு நூல்களில் திராவிடோசாரஸ் டைனோசாராகவே தொடர்கிறது.

இரண்டாவது ‘புருகத்காயோசாரஸ் மாட்லேயி’. பேருடல் கொண்டது என்பது பொருள். கல்லமேடு அருகே, கடல் பின்வாங்கிய பின் ஆறு கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும் கலந்த படிவில் இந்த எலும்புகள் கிடைத்தன. இடுப்பெலும்பின் பகுதி, தொடையெலும்பின் பகுதி, முன்னங்கால் எலும்பு, வாலெலும்பு, கணைக்கால் எலும்பு. அந்தக் கணைக்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். உயரமான மனிதர் ஒருவர் அதன் அருகே நின்றால் எலும்பே உயரம். உலகின் மிகப்பெரிய டைனோசார்களில் ஒன்றாகச் சொல்லப்படும் அர்ஜென்டினோசாரஸின் அதே எலும்பு சுமார் 1.55 மீட்டர்தான். 1987-க்கு உரிய தொகுதியில், 1989-இல் அச்சான கட்டுரையில் யாதகிரியும் அய்யாசாமியும் இதை ஊனுண்ணி என்று வகைப்படுத்தினர். நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியான டைட்டனோசார் என்பதே பின்னர் ஏற்கப்பட்ட கருத்து.

எலும்பு இன்று இல்லை. கல்லமேட்டுக் களிமண் மழைநீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதனோடு சேர்ந்து எலும்பும் விரிசலுறும். இத்தகைய எலும்பை எடுப்பதற்கு முறை உண்டு. மேற்பரப்பைத் துலக்கி, பசையூட்டி இறுக்கி, ஈரத்தாளைப் போர்த்தி, பாரிஸ் சாந்தில் நனைத்த சாக்குத் துணியால் கட்டுப்போட்டு, அடிமண்ணோடு பெயர்த்துப் புரட்டி, மறுபக்கமும் கட்டி, அப்படியே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முறிந்த காலுக்கு மாவுக்கட்டு போடுவது போலத்தான். அந்தக் கட்டுகளுக்குள்ளேயே எலும்புகள் பொடிந்து, சேர வேண்டிய இடத்தைச் சேரும் முன் சிதைந்துவிட்டன என்பது 2017-இல் வெளிவந்த கட்டுரை ஒன்றின் மூலம் தெரியவந்தது. முதற்கட்டுரையில் இருந்த கோட்டோவியங்களும் சில படங்களுமே உலகத்துக்கு மிச்சம்.

எலும்பு இல்லாததால் ஐயம் வளர்ந்தது. அது எலும்பே அல்ல, கல்மரத்துண்டு என்றுகூடச் சிலர் எழுதினர். சாத்தனூர் பக்கத்தில் இருக்கையில் அப்படி நினைப்பதற்கு இடம் இருந்தது. 2022-இல் அய்யாசாமியும் மற்றொரு ஆய்வாளரும் அதுவரை வெளிவராத களப் புகைப்படங்களை வெளியிட்டனர். எலும்பு மண்ணுக்குள் கிடந்த நிலையை அவை காட்டியதால் கல்மரம் என்ற ஐயம் பெரிதும் அடங்கியது. அடுத்த ஆண்டே கிரெகரி பாலும் ஆசியர் லாராமெண்டியும் அளவுகளைக் கொண்டு உடல் எடையைக் கணித்து, நூறு டன்னைத் தாண்டும், பெருந்திமிங்கிலங்களோடு ஒப்பிடத்தக்கது என்றனர். உலகில் நடந்த உயிர்களிலேயே பெரியது கல்லமேட்டில் நடந்திருக்கலாம். அதை நிரூபிக்க வேண்டிய எலும்பு, கட்டு அவிழ்க்கும் முன்பே மண்ணாயிற்று.

அதே கல்லமேட்டில் 2013-இல் வேறொரு செய்தி. ஜி. வி. ஆர். பிரசாத், அஞ்சலி கோஸ்வாமி முதலியோர் அங்கிருந்து மண்ணை மூட்டைகளாக எடுத்துச் சென்று நீரில் அலசிச் சல்லடையில் சலித்தனர். கிடைத்தவற்றில் ஒன்று சில மில்லிமீட்டரே உள்ள ஒரு பல். ட்ரூடோன்டிட் என்ற சிறு இரைவேட்டை டைனோசாரின் பல் அது. அதுவரை வட கண்டங்களில் மட்டுமே அறியப்பட்ட குடும்பம். மடகாஸ்கரில் மட்டும் அறியப்பட்டிருந்த சிமோசூக்கஸ் என்ற விசித்திர முதலையை ஒத்த பற்களும் கிடைத்தன. இவை பத்திரமாக உள்ளன. அளந்து பார்க்க விரும்புபவர் அளந்து பார்க்கலாம்.

முட்டைகளும் உருண்டைகளும்

2009 அக்டோபரில் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செந்துறை அருகே டைனோசார் முட்டைக் கூட்டங்களைக் கண்டதாக அறிவித்தனர். நாளிதழ்கள் முதற்பக்கத்தில் வெளியிட்டன. அதன் பிறகு இப்பகுதியில் உருண்டையாக எது தோண்டப்பட்டாலும் முட்டை என்ற பேச்சு எழுகிறது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் வெட்டும்போது பெரிய பெரிய உருண்டைகள் வெளிப்பட, டைனோசார் முட்டை என்று கைப்பேசிகளில் பரவியது. நிலவியலாளர்கள் பார்த்து, அவை அம்மோனைட்டைச் சுற்றிக் கனிமம் உறைந்து உண்டான உருண்டைகள் என்றனர். கடலடிச் சேற்றில் ஓர் ஓடு அமிழும்போது அழுகும் உயிரைச் சுற்றிச் சுண்ணாம்பு உறைந்து பந்தாகிறது. உடைத்தால் நடுவில் ஓடு இருக்கும். முட்டையென்றால் ஓடு மெல்லியதாய் வெளியில் இருக்கும். நுண்ணோக்கியில் அதன் மூச்சுத் துளைகள் தெரியும். வேறுபாடு இவ்வளவு எளிது. ஆனாலும் முட்டை என்று கேட்டவுடன் கூட்டம் கூடுவதும், ஆளுக்கொன்றாக எடுத்துச் செல்வதும் நடந்துவிடுகிறது.

எடுத்துச் செல்வதில்தான் இழப்பு. புதைபடிவத்தின் மதிப்பில் பாதி அது கிடந்த அடுக்கில் இருக்கிறது. எந்த ஊர், எந்த வெட்டுமுகம், தரையிலிருந்து எத்தனை அடி, உடன் என்ன கிடந்தது என்பதை எழுதிய சீட்டு இல்லாத அம்மோனைட் அலமாரிக்கு அழகு, வரலாற்றுக்குப் பயனில்லை. பிளான்ஃபோர்டின் பெட்டிகள் கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒவ்வொரு கல்லோடும் ஊர்ப்பெயர் இருந்ததால்தான் ஸ்டோலிச்காவால் வேலை செய்ய முடிந்தது.

பாதுகாப்பு நிலை

இந்திய நிலவியல் அளவைத் துறையின் தேசிய நிலவியல் நினைவிடங்கள் பட்டியலில் திருவக்கரை, சாத்தனூர், பரங்கிமலைச் சார்னோக்கைட் ஆகியவற்றுடன், காரை - கொளக்காநத்தம் பள்ளத்தாக்குகளும் உள்ளன. இந்தச் சார்னோக்கைட், கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல் போயிருந்ததைக் கண்டு டி. எச். ஹாலந்து 1893-இல் பெயரிட்டது. பேச்சிப்பாறை மலைகளின் கல்லும் இதன் இனமே. அரியலூர் அருகே வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்ட ஆட்சியரகத்தில் அம்மோனைட்டுகளுக்கென ஒரு மையம் அமைந்துள்ளது. கங்கைகொண்டசோழபுரம் பார்க்க வரும் பள்ளிச் சுற்றுலாக்கள் வாரணவாசியையும் சேர்த்துக்கொண்டால், கடலை வென்ற சோழனின் மாவட்டத்திலேயே கடல் கிடந்ததைப் பிள்ளைகள் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

புதைபடிவங்களுக்கென்று தனிச்சட்டம் இயற்ற, நிலவியல் மரபிடங்கள் மற்றும் எச்சங்கள் பாதுகாப்பு மசோதாவின் வரைவை ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டது. எல்லா அதிகாரமும் ஒரே துறையிடம் போய்விடும், பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கை கட்டப்படும் என்று தொல்லுயிரியலாளர் பலர் அதை எதிர்த்தனர். பாதுகாப்பு வேண்டும் என்பதில் அவர்களுக்கும் மாறுபாடு இல்லை.

காரையில் வேலி எதுவும் இல்லாமல் நீண்டுகிடக்கும் மஞ்சள் களிமண் மேடுகளை மழை ஆண்டுதோறும் அறுத்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பின் அந்த ஓடைகளில் ஜிப்சத் தகடுகள் கண்ணாடித் துண்டுபோல் மின்னும். அவற்றுக்கிடையே துப்பாக்கித் தோட்டா போன்ற பழுப்புநிறக் கூர்கற்கள் சிதறிக் கிடக்கும். அவை பெலம்னைட், கணவாயின் பழைய உறவுக்கு உடலுக்குள் இருந்த தண்டு. முந்தின ஆண்டு இல்லாத இடத்தில் இந்த ஆண்டு கிடக்கும்.